கப்பலை அடிப்பவனும் கரையை அடிப்பவனும்

(அக்கரைப்பற்றில் கடற்றொழிலாளர்களும் விவசாயிகளும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டதைப் பற்றியும் அதற்குப் பதிலடியாக யேமன் கரையில் விழுந்த குண்டுகளைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். யேமனுக்கும் அக்கரைப்பற்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அவர்கள் சங்கமன்கண்டியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே 38 கடல் மைல் தொலைவில் நியூ டயமன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து ஒடிசாவின் பரதீப் துறைமுகத்துக்கு 2,70,000 தொன் மசகு எண்ணெயை அது கொண்டுபோனது. கொதிகலன் வெடித்து பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்தார். மற்ற 22 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவல் படையும் நாள்கணக்கில் தண்ணீரும் நுரையும் பாய்ச்சின. அணைந்த தீ மறுபடியும் பிடித்தது, மறுபடியும் அணைத்தார்கள். தாங்கிகளில் இருந்த மசகு எண்ணெய் கடலில் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் பொத்துவில்லிலிருந்து கல்முனை வரைக்கும் கரைவலை இழுக்கிற ஒருவருக்கும் தொழில் மிஞ்சியிருக்காது.

அது விபத்து. உதவிக்கு வந்த கப்பல்களை யாரும் தடுக்கவில்லை, யாரும் சுடவுமில்லை. நான்கு வருடம் கழித்து, 2024 ஓகஸ்டில், செங்கடலில் சூனியன் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பலை, யேமனின் வடபகுதியைக் கையில் வைத்திருக்கும் ஆயுத இயக்கமான ஹூதிகள் தாக்கினார்கள். அதில் இருந்தது ஏறத்தாழ 1,50,000 தொன் எண்ணெய். மாலுமிகள் இறங்கிய பிறகு கப்பலில் ஏறி, மேல்தளத்தில் வெடி வைத்துத் தகர்த்து, அதைப் படமும் பிடித்து வெளியிட்டார்கள். கப்பல் வாரக்கணக்கில் எரிந்தது. தாக்கியவர்களே சம்மதித்த பிறகுதான் இழுவைக் கப்பல் கிட்டப் போக முடிந்தது. சங்கமன்கண்டியில் நமக்கு வாய்த்த, தடையில்லாமல் தீயணைக்க முடிந்த அந்த நாட்கள் செங்கடலில் வாய்க்கவில்லை. எண்ணெய் கொட்டாமல் தப்பியது பெரிய காரியம்.

இது எப்படித் தொடங்கியது? 2023 நவம்பர் 19ஆம் திகதி ஹூதிகள் ஹெலிகொப்டரில் வந்து இறங்கி கலக்ஸி லீடர் என்ற கப்பலை 25 மாலுமிகளோடு பிடித்துக்கொண்டு போனார்கள். காசாவுக்காகச் செய்கிறோம், இஸ்ரேலோடு தொடர்புள்ள கப்பல்களைத்தான் தொடுவோம் என்றார்கள். காசாவின் பிள்ளைகளுக்காக இந்த ஊரும் அழுதது. பள்ளிவாசலிலும் அழுதது, கோயிலிலும் அழுதது. அந்தத் துயரத்தில் எனக்கும் பங்குண்டு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: அந்தத் துயரத்தைக் காட்டி ஒரு பிலிப்பைன்ஸ் சமையற்காரனையோ வியட்நாம் பொறியியலாளனையோ கொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. ஹூதிகளுக்குத் துணை நிற்கும் ஈரானுக்கே சோளம் கொண்டுபோன ஸ்டார் ஐரிஸ் என்ற கப்பலையும் 2024 பெப்ரவரியில் அடித்தார்கள். எந்தக் கப்பல் யாருடையது என்பது அவர்களுக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

2024 மார்ச் 6ஆம் திகதி ட்ரூ கொன்ஃபிடன்ஸ் கப்பலில் ஏவுகணை விழுந்தது. மூன்று மாலுமிகள் இறந்தார்கள். இந்தத் தாக்குதல் தொடரில் கடலோடிகளின் முதல் மரணங்கள் அவைதான். அந்தக் கப்பலில் இரண்டு இலங்கையர்கள் ஆயுதக் காவலர்களாக இருந்தார்கள். தப்பியவர்களை இந்தியக் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். கொல்கத்தா தூக்கியெடுத்தது.

விவசாயிகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒன்று. ரூபிமார் என்ற கப்பல் அதே வருடம் பெப்ரவரி 18ஆம் திகதி அடிபட்டு, மார்ச் 2ஆம் திகதி மூழ்கியது. அதோடு ஏறத்தாழ 21,000 தொன் பசளை கடலுக்கடியில் போனது. அது மிதந்து திரிந்தபோது அதன் நங்கூரம் இழுபட்டுத்தான் கடலடி இணையக் கேபிள்கள் அறுந்தன என்று கருதப்படுகிறது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை போட்டபோது இந்த வயல் வட்டைகளில் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பசளை போட வேண்டிய கிழமை தப்பினால் பிறகு கொண்டுவந்து கொட்டியும் பயனில்லை. சூயஸ் பக்கம் போகாமல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பத்து நாள், இரண்டு கிழமை கூடும். செங்கடலுக்குள்ளேயே போகிற கப்பலுக்குப் போர்க் காப்புறுதி ஒரு கட்டத்தில் கப்பலின் பெறுமதியில் 1 சதவீதத்தை எட்டியது. ஐந்து கோடி டொலர் கப்பலென்றால் ஒரு பயணத்துக்கு ஐந்து லட்சம் டொலர். 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்ட பிறகு இலங்கைக்கு வரும் கப்பல்களுக்கும் இப்படித்தான் காப்புறுதியை ஏற்றினார்கள். அந்தப் பணத்தைக் கடைசியில் கொடுத்தது சீனியும் மாவும் வாங்கிய நாங்கள்.

இனிப் பதிலடிக்கு வருகிறேன்.

2024 ஜனவரி 12ஆம் திகதி அமெரிக்காவும் பிரித்தானியாவும் யேமனில் குண்டு போடத் தொடங்கின. அந்தத் திகதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரில் ரூபிமார், டியூட்டர், மஜிக் சீஸ், இற்றேர்னிற்றி சி என்று நான்கு கப்பல்கள் மூழ்கின. நான்கும் அந்தத் திகதிக்குப் பிறகு மூழ்கியவை. மாலுமிகளின் மரணங்களும் அப்படியே. பதிலடியால்தான் மூழ்கின என்று நான் வாதிடவில்லை. மூழ்குவதை அந்தக் குண்டுகள் தடுக்கவில்லை என்பதே என் கருத்து.

2025 மார்ச் 15ஆம் திகதி அமெரிக்கா இன்னும் கடுமையாக இறங்கியது. ஏப்ரலில் ராஸ் இஸா எரிபொருள் துறைமுகத்தை அடித்தபோது 70க்கும் அதிகமானோர் இறந்ததாக ஹூதி நிர்வாகம் அறிவித்தது. சஅதாவில் ஆபிரிக்கக் குடியேறிகளை அடைத்து வைத்திருந்த இடத்தில் குண்டு விழுந்து 68 பேர் இறந்ததாகவும் சொன்னது. பிழைப்புத் தேடி வந்து, பிடிபட்டு, பூட்டிய கதவுக்குள் கிடந்தவர்கள் அவர்கள். எந்தக் கப்பலின் மீது அவர்கள் ஏவுகணை விட்டார்கள்? இஸ்ரேலும் ஹொதைதாத் துறைமுகத்தைத் திரும்பத் திரும்ப அடித்தது. யேமனின் பெரும்பகுதி மக்களுக்குச் சோறு வரும் வாசல் அந்தத் துறைமுகம்.

நம் கரையில் இதைப் பார்த்த தலைமுறை இந்த மண்டபத்தில் இருக்கிறது. யுத்த காலத்தில் கடலில் ஏதாவது நடந்தால் அடுத்த நாள் ஊரில் சுற்றிவளைப்பு. கடலுக்குப் போக பாஸ், இரவில் போகத் தடை, இத்தனை தூரத்துக்கு மேல் போகத் தடை. செய்தவர் யாரோ, வள்ளம் கரையில் கிடந்து காய்ந்தது எங்களுடையது. ஹொதைதாவின் மீனவனை நான் கண்டதில்லை. ஆனால் அவன் வீட்டு அடுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பதிலடியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அது கடலில் நிற்கிற எல்லோருடைய விரலையும் விசையில் வைத்துவிடுகிறது. 1980களில் ஈரான்–ஈராக் யுத்தத்தில் 400க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டன. அவற்றைக் காக்க வளைகுடாவுக்கு வந்த அமெரிக்கப் போர்க்கப்பல்களில் ஒன்றான வின்சென்ஸ், 1988 ஜூலை 3ஆம் திகதி ஈரானின் பயணிகள் விமானத்தை யுத்த விமானம் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர், அவர்களில் 66 சிறுவர்கள். செங்கடலில் 2024 டிசம்பரில் ஓர் அமெரிக்கக் கப்பல் தங்கள் சொந்தப் போர் விமானத்தையே சுட்டது. உலகத்திலேயே அதிகம் பயிற்சி பெற்ற கடற்படையின் கையில் நடந்தவை இவை.

அப்படியென்றால் அடிபட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கப்பலுக்குத் துணை போகலாம், வருகிற ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தலாம், தண்ணீரில் கிடப்பவரைத் தூக்கலாம். இதையெல்லாம் நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கரையில் போய்க் குண்டு போடுவது வேறு வேலை. 2025 ஜனவரியில் காசாவில் போர்நிறுத்தம் வந்ததும் கப்பல்கள் மீதான தாக்குதல் நின்றது. கலக்ஸி லீடர் மாலுமிகள் 14 மாதச் சிறைக்குப் பிறகு அதே ஜனவரியில் ஓமானின் நடுநிலையில் விடுதலையானார்கள். மே 6ஆம் திகதி அமெரிக்காவுக்கும் ஹூதிகளுக்கும் இடையே சண்டையை நிறுத்தியதும் ஓமான்தான். அந்த இணக்கம் அமெரிக்கக் கப்பல்களுக்கு மட்டுமாக இருந்தது. அதற்குள் காசாவில் யுத்தமும் திரும்பியிருந்தது. ஜூலையில் மஜிக் சீஸும் இற்றேர்னிற்றி சியும் அடிபட்டு மூழ்கின, மறுபடியும் மாலுமிகள் செத்தார்கள். அரைகுறைப் பேச்சின் விலை அது. எல்லாக் கொடிக்கும் எல்லாக் கப்பலுக்கும் சேர்த்துப் பேச வேண்டும், காசாவையும் அதே மேசையில் வைத்துப் பேச வேண்டும்.

2024 ஜனவரியில் நமது ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க செங்கடலுக்கு ஒரு கடற்படைக் கப்பலை அனுப்பப் போவதாகச் சொன்னார். இரண்டு கிழமைக்கு 25 கோடி ரூபாய் செலவு என்றும் அவரே சொன்னார். பாண் வாங்கவே யோசித்த காலம் அது. அந்தப் பணத்தை ஆழ்கடல் மீட்புக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அதே ஜனவரியில்தான் இலங்கையின் மீன்பிடிப் படகொன்றை ஆறு மீனவர்களோடு சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்தார்கள், மீட்டது சீஷெல்ஸ். போர்க்கப்பல்களின் கண் செங்கடலில் இருந்த நேரத்தில் சோமாலியாப் பக்கம் கொள்ளை மறுபடி தலைதூக்கியது. வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, கப்பலில் பிள்ளைகள் வேலை செய்யும் குடும்பங்களுக்கு. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கூட்டு ஒப்பந்தம் உள்ள கப்பல்களில், போர்ப் பிரதேசமாகக் குறிக்கப்பட்ட கடலுக்குள் போக மாட்டேன் என்று சொல்ல மாலுமிக்கு உரிமை இருக்கிறது. மறுத்தால் கம்பனியின் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். போவதற்குச் சம்மதித்தால் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பாகும், மரணத்துக்கும் ஊனத்துக்குமான நட்டஈடும் இரட்டிப்பாகும். கப்பலில் அந்த ஒப்பந்தம் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே ஏஜென்டிடம் கேளுங்கள். காவலர் வேலைக்குப் போகிறவர்களின் ஒப்பந்தம் காவல் கம்பனியோடு செய்வது, அதைத் தனியாக வாசிக்க வேண்டும். கையெழுத்திட்ட பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் விளங்காவிட்டால், கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருக்கிறேன், கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.