காசு கொடுத்து வாங்கிய ஆல்பத்தில் பாதி வரி காணோம்!

வணக்கம் மக்களே. ஹெட்ஃபோன் விமர்சனம் போடுகிறேன் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். அது அடுத்ததாக வரும். இன்றைக்கு வேறு ஒன்றைப் பேசியே ஆக வேண்டும், கடுப்பு இன்னும் அடங்கவில்லை.

என்னைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்பது எனக்குப் பிடிக்காது. பிடித்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குவேன், கோப்பாக இறக்குவேன், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைப்பேன். அந்த ஹார்ட் டிஸ்க் வீடியோவைப் பார்த்துவிட்டு இன்றும் ஆட்கள் கேள்வி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படித்தான் போன வாரம் ஓர் இணையக் கடையில் தொண்ணூறுகளில் வந்த நியூயார்க் ஹிப்-ஹாப் ஆல்பம் ஒன்றை வாங்கினேன். கடையின் பெயரும் சொல்லப் போவதில்லை, ஆல்பத்தின் பெயரும் சொல்லப் போவதில்லை. அந்தப் பாடகர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

விலை 9.99 டாலர். இந்த விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். 9.99 என்று போட்டிருப்பதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். டாலரை ரூபாயாக மாற்றுவதற்கு என் வங்கி 3.5 சதவீதம் பிடிக்கிறது, அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கடைசியில் 920 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் கார்டே ஒத்துழைக்கவில்லை. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வரும், நாம்தான் வங்கி ஆப்பில் போய் இயக்க வேண்டும். என் கார்டு இப்போதுதான் புதுப்பித்து வந்தது. அந்தப் பொத்தான் ஆப்பில் எங்கே இருந்தது தெரியுமா? 'சேவைகள்', அதற்குள் 'கார்டுகள்', அதற்குள் 'கட்டுப்பாடுகள்', அதற்கும் உள்ளே! இயக்கிய பிறகும் வரம்பு பூஜ்யத்தில் நின்றது. அந்த வரம்பைத் தனியாக ஏற்ற வேண்டியிருந்தது. இதையெல்லாம் தாண்டிப் பணம் போனபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். விளக்கை அணைத்துவிட்டு, காபியோடு உட்கார்ந்து, முதல் பாட்டைப் போட்டேன்.

முதல் வரியிலேயே ஓர் ஓட்டை. இரண்டாவது வரியில் இன்னொன்று. பீப் சத்தம்கூட இல்லை மக்களே, குரல் அப்படியே காணாமல் போகிறது, தாளம் மட்டும் ஓடுகிறது. சில இடங்களில் வார்த்தையைத் திருப்பிப் போட்டு விழுங்கிய மாதிரி ஒரு சத்தம். ராப் பாட்டில் ஒரு வார்த்தையை எடுத்தால் எதுகை போகும், மூச்சு விடும் இடம் போகும், அடுத்த வரி எதற்கு வருகிறது என்பதே போகும். எனக்கு வந்திருந்தது க்ளீன் பதிப்பு, அதாவது கெட்ட வார்த்தைகளை வெட்டி எடுத்தது.

ஒன்றை விட்டுவிட்டேன், அதைச் சொல்லாவிட்டால் புரியாது. வாங்குவதற்கு முன் மாதிரி கேட்டேன். ஒவ்வொரு பாட்டிலும் அரை நிமிடம்தான் கேட்க விடுகிறார்கள். அந்த அரை நிமிடத்தில் இந்த ஓட்டைகள் ஒன்றுகூட விழவில்லை. அட்டைப்படம் அதே படம், பாட்டு வரிசை அதே வரிசை. க்ளீன் என்ற சொல் பக்கத்தில் எங்கேயும் இல்லை. வேண்டுமானால் பாருங்கள் என்று இப்போது ஸ்கிரீன்ஷாட்டைத் திரையில் போட்டிருக்கிறேன்.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஒரு பாட்டு எக்ஸ்ப்ளிசிட்டா, அதாவது கெட்ட வார்த்தை மாதிரி விஷயங்கள் உள்ளதா, இல்லையா என்று பெரும்பாலும் கடை உட்கார்ந்து கேட்டு முடிவு செய்வதில்லை. பாட்டை வெளியிடும் நிறுவனமான லேபிளோ, அதைக் கடைகளுக்கு அனுப்பும் விநியோக நிறுவனமோ ஒரு படிவம் நிரப்பி அனுப்புகிறது. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விடை குறிக்க வேண்டும்: எக்ஸ்ப்ளிசிட், எக்ஸ்ப்ளிசிட் இல்லை, அல்லது எக்ஸ்ப்ளிசிட்டாக இருந்ததை வெட்டித் திருத்தியது. இந்த மூன்றாவதுதான் க்ளீன். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றல்ல! முதலிலிருந்தே வசை இல்லாத பாட்டு வேறு, வசையை வெட்டி எடுத்த பாட்டு வேறு. யாரோ ஒருவர் மூன்றாவதைக் குறிக்க வேண்டிய இடத்தில் இரண்டாவதைக் குறித்தால் போதும், என்னை மாதிரி ஓர் ஆள் 920 ரூபாயோடு உட்கார்ந்திருப்பான்.

இந்த இரட்டைப் பதிப்பு எங்கிருந்து வந்தது? 1985-ல் அமெரிக்காவில் செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர் உள்ளிட்ட சிலர் சேர்ந்து பிஎம்ஆர்சி (பேரண்ட்ஸ் மியூசிக் ரிசோர்ஸ் சென்டர்) என்ற அமைப்பைத் தொடங்கி, பிள்ளைகள் கேட்கும் பாட்டில் என்ன இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி செனட் விசாரணையே நடந்தது. ஃப்ராங்க் ஸாப்பா, ஜான் டென்வர், டீ ஸ்னைடர் என்ற இசைக்கலைஞர்கள் மூன்று பேரும் போய் எதிர்த்துப் பேசினார்கள். அதன் விளைவாக வந்ததுதான் அந்தக் கறுப்பு வெள்ளை 'பேரண்டல் அட்வைஸரி' முத்திரை. அப்புறம் அமெரிக்காவின் பெரிய கடைத்தொடரான வால்மார்ட் அந்த முத்திரை உள்ள சிடிக்களை விற்க மாட்டோம் என்றது. வால்மார்ட்டில் விற்காவிட்டால் பெரிய சந்தை போய்விடும் என்பதால் லேபிள்கள் வெட்டிய பதிப்பையும் சேர்த்துப் போட ஆரம்பித்தன. எல்லோரும் பணியவில்லை. 2009-ல் க்ரீன் டே குழு வெட்ட மாட்டோம் என்று நின்றது, அந்த ஆல்பம் வால்மார்ட் அலமாரிக்கு வரவே இல்லை. சபாஷ்!

ஆனால் க்ளீன் பதிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை, இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என் அக்கா மகள் காரில் ஏறினால் என் பாட்டுப் பட்டியல்தான் ஓடும். அவளுக்கு ஒன்பது வயது, ஒரு தடவை கேட்ட வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்வாள். அக்கா என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். அந்தப் பயணத்துக்கு க்ளீன் பதிப்பு வேண்டும், நானே தேடி வாங்கி வைத்திருக்கிறேன். அக்காவுக்கும் எனக்கும் தேவைப்படுவது ஒன்றேதான்: வாங்கும் இடத்திலேயே சரியான முத்திரை. உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறது இல்லையா, கடைக்காரரைக் கேட்காமலே தெரிந்துவிடும், அந்த மாதிரி.

சரி, வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். முதல் பதில், "டிஜிட்டல் பொருட்களுக்குப் பணம் திருப்பித் தரப்படாது." நான் கேட்டது பணமே இல்லை, ஒழுங்கான பதிப்பு. அடுத்த பதில், "கோப்பில் எந்தக் குறையும் இல்லை, முழுமையாக ஒலிக்கிறது." குரலே இல்லாத இடத்தை முழுமை என்கிறார்கள்! பாட்டு வாரியாக எந்த நிமிடம், எந்த விநாடி, எந்த வரி காணோம் என்று அட்டவணை போட்டு அனுப்பினேன். அதன் பிறகுதான் ஒரு மனிதர் படித்துப் பதில் எழுதினார், நல்ல மரியாதையான மனிதர். எக்ஸ்ப்ளிசிட் பதிப்பு இருக்கிறதாம், ஆனால் இந்தியாவில் விற்க அவர்களுக்கு உரிமை இல்லையாம். 9.99 டாலரைக் கடைக் கணக்கிலேயே வரவு வைத்துவிட்டார்கள். வென்றுவிட்டேன்! வங்கிக் கட்டணமும் அதன் ஜிஎஸ்டியும் திரும்பாது, அது என் தலையில்தான். இருந்தாலும் அந்த அட்டவணைக்கு மதிப்பு இருந்தது. நீங்களும் புகார் எழுதினால் விநாடிக் கணக்கோடு எழுதுங்கள்.

வாங்கிய பாட்டில் கை வைப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2003 ஏப்ரல் 28-ல் திறந்தபோது ஒரு பாட்டு 99 சென்ட், நியாயமான விலை, ஆனால் கோப்பில் டிஆர்எம் பூட்டு, அதாவது அனுமதித்த கருவிகளில் மட்டும் ஓட விடும் பூட்டு. 2007-ல் பூட்டில்லாத, தரம் கூடிய கோப்புகள் வர ஆரம்பித்தன, 2009-ல் மொத்தக் கடையும் அதற்கு மாறியது. ஏற்கெனவே வாங்கியவர்கள் பூட்டில்லாத கோப்பு வேண்டும் என்றால் பாட்டுக்கு 30 சென்ட் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் இன்னும் மோசம். பூட்டைத் திறக்கும் சாவி கொடுக்கிற சர்வரை நிறுத்தப் போகிறோம் என்று 2008-ல் அறிவித்தார்கள். கணினியை மாற்றினால் காசு கொடுத்த பாட்டே ஓடாது. வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகுதான் தள்ளிப்போட்டார்கள். நம் ஊரில் ஃப்ளிப்கார்ட் 2012-ல் ஃப்ளைட் என்று ஒரு பாட்டுக் கடை திறந்து 2013-லேயே மூடியது. மூடினாலும் அங்கே விற்றது பூட்டில்லாத எம்பி3. இறக்கி வைத்தவர்களிடம் இன்றும் ஓடுகிறது. அதனால்தான் இறக்கி வையுங்கள், இறக்கி வையுங்கள் என்று ஒவ்வொரு வீடியோவிலும் கத்துகிறேன்.

இப்போது இன்னொரு சிக்கல் வந்திருக்கிறது, வெளியான பிறகு பாட்டு மாறுவது. 2022 ஜூனில் லிஸ்ஸோ, ஆகஸ்டில் பியான்ஸே, இரண்டு பேர் பாட்டிலும் உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களைப் புண்படுத்தும் ஒரே சொல் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், இரண்டு பேருமே மாற்றினார்கள். அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் எழுதிய பாட்டு, அவர்களே திருத்தினார்கள், ஊரறியச் செய்தார்கள். ஆனால் கடை சர்வரில் லேபிள் கோப்பை மாற்றிவிட்டால் நாம் மறுபடி இறக்கும்போது வருவது புதியதுதான். மாறியது என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? 2014 செப்டம்பரில் யூ2 குழுவின் ஆல்பத்தை ஐடியூன்ஸ் கணக்கு வைத்திருந்த ஏறக்குறைய 50 கோடிப் பேரின் தொகுப்பில் கேட்காமலே கொண்டுபோய் வைத்தது ஆப்பிள். இலவசமாகக் கொடுத்தும் ஜனங்கள் கோபப்பட்டார்கள். நீக்குவதற்குத் தனிப் பக்கமே திறக்க வேண்டி வந்தது.

"அப்படியென்றால் எதையும் விற்கலாமா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதே 2014 டிசம்பரில், வெள்ளை இனவெறிப் பாட்டுகள் ஐடியூன்ஸில் விற்பனையாவதை சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்ற அமைப்பு அம்பலப்படுத்திய பிறகு, ஆப்பிள் அவற்றை எடுக்க ஆரம்பித்தது. ஸ்பாட்டிஃபை அதைச் செய்ய 2017-ல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர்கள் ஊர்வலத்தில் கலவரம் நடக்க வேண்டியிருந்தது. ஓர் இனத்தையே அழிக்கச் சொல்லும் பாட்டை விற்று அதில் பங்கு எடுப்பது எந்தக் கடைக்கும் கேவலம். அதைக் கெட்ட வார்த்தையோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 2018 மே மாதம் ஸ்பாட்டிஃபை இன்னும் ஒரு படி போய், பாடகர்களின் நடத்தையைப் பார்த்தும் முடிவு செய்வோம் என்றது. பாலியல் குற்றச்சாட்டுகளுக்கு ஆளான பாடகர் ஆர். கெல்லியின் பாட்டுகளைத் தன் பிளேலிஸ்ட்டுகளிலிருந்து எடுத்தது, தேடினால் மட்டும் கிடைக்கும். எதிர்ப்பு வந்ததும் ஜூன் தொடக்கத்திலேயே நடத்தை விதியைக் கைவிட்டார்கள். எந்தப் பாடகருக்கு எந்த அளவுகோல் என்று யாருக்கும் புரியாத விதி அது, நிற்காது என்று எனக்கு அப்போதே தோன்றியது.

நம் பாட்டுகளுக்கு வருகிறேன், எனக்கு அதிகம் வலிப்பது இங்கேதான். ஆங்கிலப் பாட்டில் ஒரு வசைச்சொல் இருந்தால் எக்ஸ்ப்ளிசிட் என்பதற்கான 'இ' முத்திரை விழுகிறது. தமிழில் ஒரு பெண்ணை விடாமல் துரத்துவதையும், மறுத்தால் திட்டுவதையும் பெருமையாகப் பாடும் பாட்டுக்கு ஒன்றுமே விழுவதில்லை, ஏனென்றால் அதில் 'கெட்ட வார்த்தை' இல்லை. படத்துக்குத்தான் தணிக்கைச் சான்றிதழ், ஆடியோவுக்குக் கிடையாது. தணிக்கைக் குழு தியேட்டரில் மௌனமாக்கிய வரி, கடையில் விற்கும் பாட்டில் முழுதாக இருக்கலாம். எது எந்தப் பதிப்பு என்று பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. 2015 டிசம்பரில், சென்னை வெள்ளம் வடிந்த நேரத்தில், இணையத்தில் பரவிய அந்த 'பீப்' பாட்டு ஞாபகம் இருக்கிறதா? பெண்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை பீப் சத்தத்தால் மறைத்திருந்தார்கள், ஆனால் என்ன சொல் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கோவையில் மாதர் சங்கத்தினர் புகார் கொடுத்து வழக்கே பதிவானது. பீப் போட்டால் மட்டும் இழிவு போய்விடாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்தப் பெண்கள் புகார் கொடுத்தது நியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

சரி, வரவு வைத்த 9.99 டாலர் அப்படியே இருக்கிறது. அதே கடையில் என்ன வாங்கலாம் என்று சொல்லுங்கள், மாதிரியில் குரல் முழுசாக இருப்பதை நீங்களே கேட்டுப் பார்த்த ஆல்பமாக இருக்கட்டும். அப்புறம், உங்களிடம் பழைய ஹிப்-ஹாப் ஆல்பம் இருந்தால் பாட்டின் நீளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரண்டு பதிப்பும் பெரும்பாலும் ஒரே நீளம்தான் இருக்கும். காதில் போட்டு முதல் பாட்டை முழுசாகக் கேளுங்கள். ஓட்டை இருந்தால் நிமிடம், விநாடி போட்டு எழுதி அனுப்புங்கள். எந்தெந்த ஆல்பத்தில் முத்திரை தப்பாக இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரிக்கப் போகிறேன். என்னுடைய அட்டவணையைக் கீழே விவரப் பகுதியில் வைத்திருக்கிறேன், அதே மாதிரி நிரப்பினால் போதும்.