எட்டால் பெருக்கிய வேலைகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தொழில் வளர்ச்சிக்காக அரசு நடத்தும் ஒரு திட்டம் உண்மையில் எவ்வளவு பயன் தந்தது என்பதை எப்படி அளப்பது? பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தை வைத்து இதைப் பேச விரும்புகிறேன். 2008இல் தொடங்கிய இத்திட்டத்தில், கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் 35 விழுக்காடு வரை மானியம் உண்டு.

2021-22ஆம் நிதியாண்டில் 1,03,219 தொழிலகங்களுக்கு உதவி வழங்கப்பட்டதாகவும், அவற்றால் உருவான வேலைகள் 8,25,752 என மதிப்பிடப்பட்டதாகவும் அரசின் புள்ளிவிவரம் கூறுகிறது. முதல் எண்ணை எட்டால் பெருக்கிப் பாருங்கள். இம்மியும் பிசகாமல் இரண்டாவது எண் கிடைக்கும். முந்தைய ஆண்டில் தொழிலகங்கள் 74,415, வேலைகள் 5,95,320. அதுவும் எட்டு மடங்கே. ஒரு தொழிலகத்துக்குச் சராசரியாக எட்டுப் பேர் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. மதிப்பீடு என்றே அரசும் சொல்கிறது என்பதால் இதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் மேடைக்கும் செய்திக்கும் போகும்போது அந்தச் சொல் உதிர்ந்துவிடுகிறது. யாரும் தலை எண்ணிப் பார்க்காத எட்டு லட்சம் பேர் மட்டும் நிலைத்துவிடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆத்தூர்ப் பக்கம், அரசு மானியத்துடன் தொடங்கப்பட்ட பாக்குமட்டைத் தட்டுக் கூடம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அழுத்து இயந்திரங்கள் ஐந்தில் இரண்டுதான் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பெண் தொட்டியில் மட்டையை நனைத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் சூடான அச்சிலிருந்து தட்டை எடுத்து ஓரத்தை நறுக்கிக்கொண்டிருந்தார். எத்தனை பேருக்கு இங்கே வேலை என்று உரிமையாளரிடம் கேட்டேன். "எந்த மாசத்தைக் கேக்குறீங்க சார்? மட்டை வரத்து இருந்தா ஆறு பேரு, மழை பிடிச்சா நானும் வீட்டம்மாவும்தான்" என்றார். அவர் எடுத்துக் காட்டிய மின் கட்டண ரசீதுகளும் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கி, அதையே சொல்லின. ஆறும் உண்மை, இரண்டும் உண்மை. எட்டு மட்டும் அங்கே எந்த மாதத்திலும் இல்லை. ஆனாலும் அந்தத் தொழில் நான்காவது ஆண்டாக நடந்துகொண்டிருந்தது. அந்தச் செய்திக்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லாததுதான் எனக்கு வருத்தம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இன்னொரு கேள்வி மிஞ்சும்: உதவி கிடைக்காமலிருந்தால் இவர்கள் என்ன ஆகியிருப்பார்கள்? இதற்கு விடை தேடிய நல்ல ஆய்வு ஒன்று இலங்கையில் நடந்தது. 2005 முதல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறுதொழில் செய்வோரில் சிலரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தேர்ந்து, அவர்களுக்கு இலங்கை ரூபாயில் 10,000 அல்லது 20,000 மதிப்புள்ள உதவியைப் சுரேஷ் டி மெல் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் கொடுத்தார்கள். தொகை பெற்றவரையும் பெறாதவரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தித்து, இலாபத்தைக் கேட்டுக் குறித்தார்கள். போட்ட முதலுக்கு மாதம் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு வருவாய் கூடியிருந்தது. வங்கி வட்டியைவிட இது மிக அதிகம். ஆனால் பிரித்துப் பார்த்தபோது அந்த ஆதாயம் ஆண்கள் நடத்திய தொழில்களில் மட்டுமே இருந்தது, பெண்களின் தொழில்களில் இல்லை. கணவருக்கும் தனித்தொழில் இருந்த வீடுகளில், மனைவிக்குக் கொடுத்த முதல் அவருடைய தொழிலுக்குப் போய்விடுவதைப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். எத்தனை பெண்களுக்குக் கொடுத்தோம் என்று மட்டும் எண்ணியிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

நம் திட்டத்தில் இதற்கு ஒரு வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. மானியம் உடனே தொழில்முனைவோர் கைக்கு வருவதில்லை; மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, தொழிலகத்தை நேரில் சரிபார்த்த பிறகே கடனில் கழிக்கப்படுகிறது. அப்படிச் செல்பவர் கூடம் இயங்குகிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், பன்னிரண்டு மாத மின் ரசீதையும், மாதவாரியாகக் கூலி பெற்றவர்களையும், தொழிலின் வரவு யார் கையில் சேர்கிறது என்பதையும் கேட்டு எழுதலாம். அதே ஆண்டில் விண்ணப்பித்து உதவி கிடைக்காதவர்களில் சிலரையும் தேடிச் சென்று இவற்றையே கேட்கலாம். அவர்களுடைய விண்ணப்பங்கள் அலுவலகத்தில்தானே இருக்கின்றன.

நன்றி, வணக்கம்.