கறுப்படித்தாலும் தெரியும் பெயர்

[திரை: செய்தித்தாள் நறுக்கு]
"பூட்டிய வீட்டில் 12 பவுன் திருட்டு. ████ கும்பல் கைவரிசையா? போலீஸ் விசாரணை."

குரல்: இது நாங்களே எழுதிய மாதிரிச் செய்தி. சாதிப் பெயரை மறைத்துவிட்டோம். ஆனாலும் உங்கள் மனசு ஏதோ ஒரு பெயரைப் போட்டுப் படித்திருக்கும். இத்தனைக்கும் யாரும் பிடிபடவில்லை.

[திரை: 1871, 1911]
குரல்: குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. திருடியவரை மட்டுமல்ல, அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்தவரையும் பதிவேட்டில் ஏற்றலாம், கைரேகை எடுக்கலாம். வெளியூர் போக ராதாரிச் சீட்டு, அதாவது அனுமதிச் சீட்டு, வேண்டும். ரேகை வைக்க மறுத்த, மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரின் கள்ளர் சாதியினர்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது.

[திரை: பழைய நூலின் பக்கங்கள்]
குரல்: சாதியைச் சுட்டும் இந்தச் செய்தி நடைக்கு இன்னொரு மூலமும் உண்டு. சென்னை மாகாணக் 'குற்ற வகுப்பினர்' பற்றி முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி 1892இல் ஒரு கையேடு போட்டார். சாதிவாரியாகக் குறிப்புகள்: ஆள் எப்படி இருப்பான், எப்படித் திருடுவான். திருட்டு ஏதோ குலத்தொழில் மாதிரி!

சட்டம் சென்னையில் 1947இல் போனது, நாடு முழுக்க 1952இல். கையேட்டின் வாசனை மட்டும் போகவில்லை. ஸ்டேஷன் பிரஸ் நோட்டில் "இவர்கள் பாணி" என்று ஒரு வரி இருந்தால், அவசரத்தில் நிருபர் அப்படியே அடிப்பார், டெஸ்க் அதையே தலைப்பாக்கும். கேள்விக்குறி போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பு.

[திரை: சிவப்பு மை]
குரல்: சரிபார்க்க எளிய வழி உண்டு. வங்கி மோசடியில் சிக்கியவரின் சாதியைத் தலைப்பில் போடுவோமா? மாட்டோம். அப்படியானால் இங்கேயும் சாதியை வெட்டுங்கள். இழிவு கற்பிக்கும் இடத்தில் சாதி அடையாளத்தைத் தவிர்க்கச் சொல்கிறது இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை. 'கும்பல்' வேண்டாம், எத்தனை பேர் என்று தெரியாதே. குடிசைகளின் ஃபைல் போட்டோவும் வேண்டாம்.

திருத்தியது: "பூட்டிய வீட்டில் 12 பவுன் திருட்டு. யாரும் கைதாகவில்லை."

இதில் ஒரு தவறும் நடக்கும். சாதிப் பெயரே கூடாது என்று எல்லா இடத்திலும் வெட்டிவிடுவார்கள். சாதியைப் பார்த்துச் சந்தேகக் கேஸில் பிடித்துப்போனவர் காவலில் இறந்தால், அங்கே அந்தப் பெயர்தான் செய்தி. அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.