விருந்தினருக்கு இடம் மேசையில்

நண்பர்களே, வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் பாத்திரமேற்பு விளையாட்டு நம்முடையது. உங்களில் இருவருக்கு அதன் வெளிநாட்டு மாநாடுகளிலிருந்து விருந்தினர் அழைப்பு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மனம் நிறைந்தது. அப்படி ஓர் அழைப்பு வந்ததும் மேடையில் என்ன பேசுவது என்ற கவலைதான் முதலில் வரும். என் முதல் மாநாட்டுக்கு முன் ஒரு மாதத்தை நானும் அதிலேயே செலவிட்டேன். ஆகவே இன்று மேடையை விட்டுவிட்டு மேசையைப் பற்றிப் பேசுகிறேன்.

1968 ஆகஸ்டில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், கேரி கைகாக்ஸ் 50 டாலர் வாடகைக்கு ஒரு மண்டபம் பிடித்தார். போர் விளையாட்டுப் பிரியர்கள் ஏறத்தாழ நூறு பேர் வந்தார்கள். ஜென் கான் என்ற விளையாட்டு மாநாட்டின் முதல் கூட்டம் அதுதான். மறு ஆண்டு கூட்டத்துக்கு மினசோட்டாவிலிருந்து டேவ் ஆர்னெசன் என்ற இளைஞர் வந்தார். கைகாக்ஸும் அவரும் சந்தித்துக்கொண்டது அங்கேதான். 1974இல் அந்த இருவர் பெயரிலும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டு வெளிவந்தது. ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு நூல்கள். முதல் அச்சில் 1000 பிரதிகள். நாம் ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் மூலம் அந்தப் பெட்டி. அதன் பின்னால் இருப்பது, விளையாட வந்த இடத்தில் பழகிக்கொண்ட இரண்டு பேரின் நட்பு.

2003 முதல் ஜென் கான் இண்டியானாபோலிஸ் நகரில் நடக்கிறது. 2024இல் 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். கூட்டம் இவ்வளவு பெருகியும் ஆட்டம் பெருகவில்லை. இன்றும் ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர், கதையை நடத்திச் செல்லும் ஓர் ஆட்ட நடத்துநர், ஏறக்குறைய நான்கு மணி நேரம். இந்த அளவைக் கூட்ட முடியாது என்பதில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நம் கூத்தில் கட்டியங்காரன் பாத்திரங்களோடும் பேசுவான், சபையோடும் பேசுவான். நம் ஆட்டத்தில் சபையே பாத்திரமாகிவிடுகிறது. எதிரே இருப்பவர் கண்ணைப் பார்க்காமல் இதை நடத்த முடியாது.

ஜென் கானில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனி டிக்கெட் உண்டு. அது கிடைக்காதவர்கள் பொது டிக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மேசை ஓரத்தில் நிற்பார்கள். பதிவு செய்த யாராவது வராமல் போனால் அந்த நாற்காலி இவர்களுக்கு. விருந்தினர் நடத்தும் மேசை என்றால் காத்து நிற்பவர்களும் அதிகம். தயவுசெய்து அவர்களைத் தலை நிமிர்ந்து பாருங்கள். இடம் இல்லை என்றால் அதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

என் முதல் மாநாட்டில் நான் அதைச் செய்யவில்லை. அது மட்டுமில்லை, மேடைக் கலந்துரையாடல் நீண்டுபோனதால் மேசைக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தேன். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வயதான ஓர் அம்மா, நான் அனுப்பியிருந்த பாத்திரத் தாளில் தன் பாத்திரத்துக்குப் பெயர் எழுதி, ஊரும் உறவும் எழுதி, பகடைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். என் பேச்சைக் கேட்க வராத அவர், அந்த ஆட்டத்துக்காகத்தான் இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்தார். போன அரை மணி நேரத்தை அவருக்கு என்னால் திருப்பித் தர முடியவில்லை. அதன் பிறகு எந்த அழைப்பு வந்தாலும், ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வேறு நிகழ்ச்சி வைக்க வேண்டாம் என்று எழுதிக் கேட்டுவிடுகிறேன்.

ஆடத் தொடங்கும் முன், பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டையை மேசை நடுவில் வையுங்கள். கதை யாருடைய மனதையாவது புண்படுத்தும் பக்கம் போனால், அவர் அதைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிவிட வேண்டும். முன்பின் அறியாதவர்கள் ஒன்றாக உட்காரும் இடத்தில் இது பெரிய துணை. விருந்தினரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல அவர்கள் கூச்சப்படுவார்கள். அதனால் நீங்களே முதலில் ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். குரலையும் காத்துக்கொள்ளுங்கள், அரங்கின் இரைச்சலில் இரண்டாம் நாளே கட்டிவிடும்.

என் அந்த முதல் மாநாட்டின் கடைசி நாள் மாலை. பந்தல் பிரிப்பதுபோல் அரங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். விடுதி வரவேற்பறையில் நான்கு பேருக்கு ஓர் இளைஞன் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது என்னுடைய கதை. முதல் நாள் என் மேசை ஓரத்தில் பொது டிக்கெட்டோடு நின்றவன் அவன். இடம் கிடைக்காமல், நின்றபடியே நான்கு மணி நேரமும் கேட்டிருக்கிறான். நினைவிலிருந்து எழுதி, பிடிக்காத முடிவை மாற்றியும் வைத்திருந்தான். என்னைக் கண்டதும் பதறி எழுந்தான். ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டேன். விடுதியின் குறிப்புத் தாள் ஒன்றைக் கிழித்து, ஒரு பாத்திரத்தின் திறன்களுக்கு அவசரமாக நான்கு எண்களை எழுதி என்னிடம் நீட்டினான். எனக்கு ஓடக்காரன் பாத்திரம்.