எந்த மில்லில் என்ன வேலை பார்த்தீர்கள்?

வணக்கம் வானொலி நேயர்களே. நான் சிலாங்கூரில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து வருகிறேன். பெஸ்தாரி ஜெயா என்று பெயர்ப்பலகையை மாற்றிப் பல வருடமாகிறது. பஸ் டிக்கெட் கேட்டால் என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. பக்கத்துத் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் மில்லில் 1974-இல் ஃபிட்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்தேன், அப்போது வயது பதினேழு. ஃபோர்மனாக ஓய்வு பெற்றேன். நான் டாக்டர் இல்லை. கல்நாரோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவன், அவ்வளவுதான்.

கல்நார் என்றால் அஸ்பெஸ்டாஸ். தமிழில் எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். கல்லாக வெட்டி எடுப்பது, பிரித்தால் நாராக வரும். பூத்தொடுக்க வாழைநார் கிழிப்போமே, ஒரு அளவுக்கு மேல் கிழியாது. இது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கிழிந்துகொண்டே போகும். நெருப்பில் எரியாது, சூட்டை வெளியே விடாது. அதனால் நீராவி ஓடுகிற இடமெல்லாம் இதைப் பூசினார்கள். மில் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாய்லரிலிருந்து குலை அவிக்கும் ஸ்டெரிலைசர் வரை போகும் குழாய் முழுக்க வெள்ளைப் பூச்சு, அதன்மேல் துணி, துணிமேல் பெயின்ட்.

எங்களோடு ஓர் அண்ணன் இருந்தார். பெயர் வேண்டாம். குழாய்க்குப் பூச்சு போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சாக்கைக் கிழித்துத் தூளை டிரம்மில் கொட்டுவார், தண்ணீர் ஊற்றுவார், முழங்கை வரை விட்டுப் பிசைவார். “தோசை மாவாட்டம் ஓடக் கூடாதுடா, வடை மாவாட்டம் நிக்கணும்” என்பார். அள்ளி அப்பி, உள்ளங்கையால் வழவழவென்று தேய்த்துவிடுவார். சாக்கைப் பிடிப்பது என் வேலை. கொட்டும்போது எழும்பும் தூசு, கூரை ஓட்டையில் விழும் வெயிலில் மினுமினுக்கும். அழகாகத்தான் இருக்கும். வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். வாயைப் பிளந்துகொண்டு என்பதைக் கவனியுங்கள்.

அதைவிட மோசம் பாய்லரை நிறுத்திச் சோதனை செய்யும் நாட்கள். பழைய பூச்சைச் சுத்தியலால் தட்டி உதிர்ப்போம். காய்ந்து கிடக்கும், அப்படியே பொடியாகப் பறக்கும். மூக்கில் ஒரு கைக்குட்டை. கொசு வலையால் மழையைத் தடுத்த மாதிரி. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டு உடைத்திருந்தால் பெரும்பாலான தூசு எழும்பியே இருக்காது. மில்லுக்குப் பின்னாலேயே குளம் இருந்தது! சொல்லத்தான் ஆள் இல்லை. இங்கிலாந்தில் நெல்லி கெர்ஷா என்ற பெண், சின்ன வயதிலேயே கல்நார் ஆலைக்கு வேலைக்குப் போனவர், 33 வயதில் இறந்தார். நுரையீரலில் தங்கிய அந்தத் தூசுதான் காரணம் என்று மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். அது நடந்தது 1924-இல். நான் சாக்குப் பிடிக்கப் போவதற்குச் சரியாக ஐம்பது வருடம் முன்பு. நம் மலேசியாவில் கல்நார் வேலைக்கென்று தனி விதிமுறை 1986-இல் வந்தது. அதற்குள் நான் பன்னிரண்டு வருடம் மூச்சு விட்டு முடித்திருந்தேன்.

சரி, அண்ணன் கதைக்கு வருகிறேன். மில்லை விட்டுப் பல வருடம் கழித்து அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயில் வாசலுக்கு நடந்து வந்தால் நடுவில் இரண்டு இடத்தில் நிற்பார். டாக்டர் கேட்டார், சிகரெட் உண்டா என்று. உண்டு. முன்பு என்ன வேலை? “தோட்ட வேலைம்மா.” அதோடு முடிந்தது. பால்மரம் சீவியிருப்பார், குலை வெட்டியிருப்பார் என்று அந்தப் பெண் நினைத்திருப்பார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நம் ஆட்கள் எல்லாரும் அந்த ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறோம். லாரிக்கு பிரேக் ஷூ மாற்றி, கம்ப்ரசர் காற்றால் அதிலிருந்த கல்நார்த் தூசை ஊதினவரும் தோட்ட வேலை. பாய்லர் பார்த்தவரும் தோட்ட வேலை.

அடுத்த தடவை நானும் கூடப் போனேன். டிரம், சாக்கு, வடை மாவு, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அங்கிள், இதை ஏன் முதல்லயே சொல்லல?” முதுகின் அடிப்பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மறுபடியும் நெடுநேரம் கேட்டார். மூச்சை இழுத்து முடிக்கும் இடத்தில் நறநறவென்று ஒரு சத்தம் வருமாம். எக்ஸ்ரே, ஸ்கேன், பெரிய ஆஸ்பத்திரி. கடைசியில் ஆஸ்பெஸ்டோசிஸ், அதாவது நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது. ஏறின தழும்பு ஏறினதுதான்.

தொழிலால் வரும் நோய்கள் என்று சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆஸ்பெஸ்டோசிஸ் அதில் உண்டு. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மெசோதீலியோமா என்ற புற்றுநோயும் உண்டு. ஆனால் இந்த வேலைதான் பார்த்தார் என்று காட்ட வேண்டுமே. நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட ஆகும். அதற்குள் மில்லைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், தோட்டம் வீடுகள் நிறைந்த தாமானாகிவிட்டது, கணக்கு எழுதும் கிராணி வைத்திருந்த புத்தகம் எந்தக் கறையானுக்குப் போனதோ. இபிஎஃப் சேமநிதிக் கணக்கில் கம்பெனி பெயர் இருந்தது, என்ன வேலை என்று இல்லை. நானும் இன்னொருவரும் சாட்சிக் கடிதம் எழுதினோம். காகிதம் சேர்வதற்குள் அண்ணன் போய்விட்டார்.

அதனால்தான் போகிற இடமெல்லாம் இதையே சொல்கிறேன், வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். பேரப்பிள்ளையின் பள்ளிப் புத்தகத்தில் ஒரு தாள் கிழியுங்கள். எந்த வருடம், எந்தத் தோட்டம், எந்த மில், கையால் என்ன செய்தீர்கள், யார் கூட இருந்தது. எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். கிளினிக்கில் “தோட்ட வேலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். இருமல் இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

அம்மாக்களுக்கும் இது உண்டு. எங்கள் அம்மா என் சட்டையை உதறிவிட்டுத்தான் துவைப்பார். 1965-இல் லண்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மெசோதீலியோமா வந்தவர்களில், கல்நார் ஆலைப் பக்கமே போகாமல் கணவரின் துணியைத் துவைத்த பெண்களும் இருந்தார்கள்.

சிகரெட்டைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். கணக்கு மட்டும் சொல்கிறேன். 1979-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. இந்தத் தூசும் படாமல் புகையும் பிடிக்காதவரோடு ஒப்பிட்டால், தூசு மட்டும் பட்டவருக்கு நுரையீரல் புற்று அபாயம் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்கு சுமார் 11, இரண்டும் சேர்ந்தால் 50-க்கும் மேல். சிகரெட்டை இப்போது விட்டாலும் அபாயம் குறையும்.

அப்புறம் கூரை. அதைத்தான் முக்கியமாகப் பேசச் சொன்னார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. பழைய லயத்து வீடுகளின் அஸ்பெஸ்டாஸ் கூரை உடையாமல் இருந்தால் பதற வேண்டாம். துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், பாசியைக் காய்ந்த விளக்குமாற்றால் தேய்க்காதீர்கள். இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த வேலை தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். உடைந்ததை வாய்க்காலில் போட்டு, மேலே நடக்கப் பாதை போடுகிற பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது, அதை... சரி, தம்பி கையை ஆட்டுகிறார். வணக்கம்.