பதிலை முதலில் சொன்னவன்

நேயர்களுக்கு வணக்கம். பாருங்கள், வணக்கம் என்றுவிட்டேன். இந்தச் சொல் உங்கள் சாதியையும் கேட்காது, சமயத்தையும் கேட்காது. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டுதான் வங்கி வேலையாகப் பஞ்சாபின் ஜலந்தருக்குப் போனேன்.

தலைப்பாகை கட்டிய யாரைக் கண்டாலும் 'சத் ஸ்ரீ அகால்' என்பேன். நமக்கு அகாலம் என்றால் நேரங்கெட்ட நேரம். அங்கே அகால் என்பது காலத்துக்குக் கட்டுப்படாத கடவுள். அதற்குப் பதிலும் அதே 'சத் ஸ்ரீ அகால்'தான். ஆகவே சுலபம்.

பூட்டா மண்டி என்று தோல் வியாபாரத்துக்குப் பேர்போன பகுதி ஒன்று உண்டு. அங்கே ஒரு செருப்புக் கடைப் பெரியவர். தலைப்பாகை, வெள்ளைத் தாடி. நான் வழக்கம்போலச் சொன்னேன். அவர் 'ஜெய் குருதேவ்' என்றார். சரி, இவருக்கு இதுதான் போலிருக்கிறது என்று மறுநாள் நானே முந்திக்கொண்டு 'ஜெய் குருதேவ்' என்றேன். அவரோ 'தன் குருதேவ்' என்றார். நம் 'தன்' இல்லை, 'தன்ய' என்கிற போற்றுதல். அடடா, நம் உச்சரிப்பைத் திருத்துகிறார்! மூன்றாம் நாள் கடைக்குள் நுழைந்ததுமே பலமாக 'தன் குருதேவ்!' கடையே சிரித்தது. சலாம் சொல்லப் போய், 'வ அலைக்கும் சலாம்' என்று ஆரம்பித்த கதை. அது பதில், ஐயா, பதில்! ஒருவர் ஜெய் என்றால்தான் மற்றவர் தன் என்பார்.

"சீக்கிய வாடிக்கையாளர் வந்தால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன். "அவர் சொல்வதையே சொல்வேன். கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேனே" என்றார்.

அவர் ரவிதாசி. வாரணாசியில் செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த ரவிதாசரைக் குருவாகக் கொண்டவர். ரவிதாசரின் 40 பாடல்கள் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபிலேயே இருக்கின்றன. பிறகு ஏன் தனி வணக்கம்? கிரந்தம் ஒன்றானாலும் சாதியால் பல கிராமங்களில் குருத்வாரா வேறு, சுடுகாடு வேறு. 1920களில் மங்கு ராம் தொடங்கிய ஆத் தர்ம இயக்கம், நாங்கள் இந்துவும் இல்லை, சீக்கியரும் இல்லை, தனிச் சமயம் என்றது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்படியே பதிந்தும்கொண்டார்கள். ஜெய்யும் தன்னும் அந்த இயக்கம் பழக்கிய வணக்கம். அதாவது, வாயைத் திறந்ததுமே நான் யார் என்று சொல்லிவிடுவது. 1699இல் கால்சா என்னும் தீட்சை பெற்ற சீக்கியர் அமைப்பை உருவாக்கிய குரு கோபிந்த் சிங் தந்த 'வாஹேகுரு ஜி கா கால்சா, வாஹேகுரு ஜி கி ஃபதே'யும் அப்படித்தானே?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்கள். மீதியை ஓட்டமாகச் சொல்கிறேன். 2009இல் வியன்னாவிலுள்ள ரவிதாசர் கோயிலில் நடந்த தாக்குதலில், ஜலந்தர் பக்கத்துப் பல்லானில் இருக்கும் ரவிதாசி மடத்தின் சந்த் ராமானந்த் கொல்லப்பட்டார். 2010 ஜனவரியில் அந்த மடம் வாரணாசியில் ரவிதாசியா என்று தனிச் சமயத்தை அறிவித்தது, தனி நூலும் வைத்தது. எல்லாரும் போகவில்லை, குரு கிரந்தத்தோடு இருப்பவர்களும் உண்டு. ரவிதாசர் பாடிய பேகம்புரா, துயரமும் வரியும் இல்லாத ஊர், அதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன். அதற்குள் மணியாகிவிட்டது. வணக்கம்.