வலப்பக்கத்து இடம்

நேயர்களுக்கு வணக்கம். ஜூலை மாதம் பிறந்துவிட்டால் தங்கச்சிமடம் பக்கம் சந்தியாகப்பர் திருவிழா பேச்சுதான். 25ஆம் தேதி அவருடைய நாள். எந்த ஊர்த் திருவிழாவானாலும் கொடியேறுவதற்கு முன்பே இன்னொரு பேச்சும் கிளம்பிவிடும்: நோட்டீஸில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே? முன்னிடம் வேண்டும் என்ற இந்த ஆசை தப்பா? அதைச் சொல்ல இன்றைக்குச் சந்தியாகப்பரையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

சந்தியாகப்பர் என்று நாம் கும்பிடுவது இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான, செபதேயுவின் மகன் யாக்கோபை. கலிலேயாவில் மீன் பிடித்தவர். கூலியாள் வைத்துத் தொழில் செய்த குடும்பம் என்று மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்திலேயே வருகிறது. நம் கணக்கில் படகு முதலாளி மகன். அதே நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில், எருசலேமுக்குப் போகும் வழியில், தம்மைப் பிடித்துக் கொல்லப்போகிறார்கள் என்று இயேசு சொல்லி வாய் மூடவில்லை. இவரும் தம்பி யோவானும் பக்கத்தில் வந்து, நீர் அரியணை ஏறும்போது எங்களுக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று வேண்டும் என்கிறார்கள். மத்தேயு சொல்வதைப் பார்த்தால் சிபாரிசுக்கு அம்மாவையும் கூட்டிப் போயிருக்கிறார்கள்! கேள்விப்பட்ட மற்றப் பத்துப் பேருக்கும் கோபம். தங்களுக்குத் தோன்றாமல் போனதே என்ற கோபமாகவும் இருக்கலாம்.

நானாக இருந்தால் இருவரையும் திட்டி அனுப்பியிருப்பேன். இயேசு திட்டவில்லை. நான் குடிக்கப்போகும் கிண்ணத்தில், அதாவது நான் படப்போகும் பாட்டில், உங்களால் குடிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார்கள், யோசிக்காமல். பெரியவனாக வேண்டுமா, சரி, எல்லோருக்கும் வேலைக்காரனாக இரு என்று வழி சொன்னார். பெரிய ஆளாக ஆசைப்படாதே என்று அங்கே சொல்லவில்லை. சில ஆண்டுகளில் ஏரோது அரசன் யாக்கோபை வாளால் வெட்டிக் கொன்றான். பன்னிருவரில் முதலில் உயிர் கொடுத்தவர் இவர்தான்.

போர்ச்சுகலிலிருந்து இங்கே மறைபணிக்கு வந்த புனித அருளானந்தரும் அப்படிப் பெரிதாக ஆசைப்பட்டவர்தான். அவர் உயிர் கொடுத்த ஓரியூரின் செம்மண்ணைத் தாளில் மடித்து எடுத்து வராத கத்தோலிக்க வீடு நம் பக்கம் குறைவு. 1647இல் லிஸ்பனில் பிறந்தவர், அரண்மனையில் இளவரசனோடு சேர்ந்து வளர்ந்தவர். 1686இல் இராமநாதபுரம் பக்கத்து மறவ நாட்டில் பிடிபட்டு, அடிபட்டு, பிறகு போர்ச்சுகலுக்கே அனுப்பப்பட்டார். அங்கே பழைய தோழன் இப்போது அரசன். இங்கேயே இரும், என் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடும் என்றான். இவர் கேட்கவில்லை. திரும்பக் கப்பல் ஏறினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. இவரை ஆசையற்ற துறவி என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பேராசைக்காரர் என்பேன். ஒரு நாடு முழுவதையும் கடவுளுக்காகக் கேட்டவருக்கு அரண்மனை உத்தியோகம் சின்னதாகத்தானே தெரியும்?

நம்முடைய ஆசை எந்த ரகம் என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். நான் செய்ய நினைத்த வேலையை இன்னொருவர் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டால், எனக்குச் சந்தோஷமா எரிச்சலா? பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தும் ஒரு சகோதரி இருக்கிறார். வாரநாளில் கடலில் பாசி எடுப்பவர். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி முங்குகிற வேலை. துணி சுற்றியும் விரல் நுனியெல்லாம் வெட்டுத் தழும்புதான். ஞாயிற்றுக்கிழமை அந்த விரலால்தான் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகளை நற்செய்தி வாசிக்க வைக்கிறார். ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று முடிவு செய்து, சொல்லப் போனோம்.

“அண்ணே, துண்டெல்லாம் எதுக்கு? இன்னும் ரெண்டு டீச்சரக் குடுங்க. மூணாப்புப் பிள்ளையும் எட்டாப்புப் பிள்ளையும் ஒரே பாய்ல உக்காந்திருக்கு. நம்ம தெருவுல ஒரு பிள்ளைகூட பைபிள் வாசிக்கத் தெரியாம இருக்கக் கூடாதுண்ணே” என்றார்.

ஒரு தெரு முழுவதும் வேண்டுமாம் அவருக்கு! பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தில் நோட்டு வாங்கிவிட்டோம். டீச்சர் ஒருவர் கிடைத்துவிட்டார், கல்லூரியில் படிக்கும் பெண். இன்னொருவர் இன்னும் கிடைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால்தான் வகுப்பு நடக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள். நன்றி, வணக்கம்.